ஹாய் சார், ஒரு ரெஃபரல் கிடைக்குமா?

ஐடி நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்த யாருக்கும் இந்தச் செய்தி லிங்க்ட்இன்னில் வந்திருக்கும்: "ஹாய் சார், உங்க கம்பெனில ஏதாவது ஓப்பனிங் இருக்கா? ரெஃபர் பண்ணுங்க ப்ளீஸ்." கூடவே பிடிஎஃப்-ஆக ஒரு ரெஸ்யூமே. நம் நிறுவனத்துக்கு அவரை நாம் பரிந்துரைக்க வேண்டும், அதுதான் ரெஃபரல். அனுப்பியவர் கல்லூரியில் இரண்டு வருடம் ஜூனியராக இருந்திருப்பார், முகம் மங்கலாக ஞாபகம் இருக்கும். உதவக் கூடாது என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் உதவ வேண்டுமென்றால் அவருக்கு என்ன வேலை தெரியும், எந்த ஊருக்கு வருவார், நோட்டீஸ் பீரியட் (வேலையை விடுவதாகச் சொன்ன பிறகும் அங்கே வேலை பார்க்க வேண்டிய காலம்) எவ்வளவு என்று நாம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைப்போம். அப்புறம் திறக்கவே மாட்டோம்.

கேட்பதில் தவறே இல்லை. எதிரில் இருப்பவருக்கு வேலை வைக்கிற மாதிரி கேட்பதுதான் தவறு. பெரும்பாலான நிறுவனங்களில் ரெஃபர் செய்கிறவர் உள்ளே ஒரு தளத்தைத் திறந்து, குறிப்பிட்ட பணியிடத்தின் எண்ணைத் தேடி, ரெஸ்யூமேயை ஏற்றி, இவரை எப்படித் தெரியும், ஏன் பரிந்துரைக்கிறீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அது தெரிந்தவர் இப்படிக் கேட்பார்:

"வணக்கம் அக்கா. நான் 2019 பேட்ச், இசிஇ. சிம்போசியத்தில் உங்களோடு ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கில் இருந்தேன். உங்கள் கம்பெனி கேரியர்ஸ் பக்கத்தில் டெஸ்ட் ஆட்டோமேஷன் வேலை ஒன்று பார்த்தேன், ஜாப் ஐடி கீழே இருக்கிறது. நான்கு வருடமாக செலினியம், ஜாவா. இப்போது வங்கி ப்ராஜெக்ட்டில் இருக்கிறேன். நோட்டீஸ் இரண்டு மாதம். ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். வசதிப்படாவிட்டால் பரவாயில்லை அக்கா, சொல்லிவிடுங்கள்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுக்க வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் பலரும் வாயைத் திறந்து பதில் சொல்கிறார்கள். இன்னொன்று, வெப்சைட்டில் நேரடியாக விண்ணப்பித்துவிட்டு ரெஃபரலுக்கு ஆள் தேடாதீர்கள். ஏற்கெனவே பதிவான பெயர் என்றால் பல நிறுவனங்களில் சில மாதங்களுக்கு அந்த ரெஃபரல் கணக்கில் ஏறாது. முதலில் ஆளைக் கேளுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்.

சரி, யாரைக் கேட்பது? வேலை போனதும் நாம் ஓடுவது நெருங்கிய நண்பர்களிடம். நம்ம காலேஜ், நம்ம ஊர், நம்ம ஆளுங்க என்ற வட்டத்தில் எல்லோருக்கும் ஒரே செய்திதான் தெரிந்திருக்கும். ஒரே ஓப்பனிங் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி நம்மிடமே திரும்பி வரும். இதைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதிவிட்டார். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களை விசாரித்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேர்தான் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள். எப்போதாவது பார்ப்பவர்கள் பாதிக்கு மேல். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர்கள் 28 சதவீதம். 2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிக்கும் அதிகமானவர்களை வைத்து இதையே சோதித்துப் பார்த்தது. அதிகம் உதவியவர்கள் மிக நெருக்கமானவர்களும் அல்ல, முழு அந்நியர்களும் அல்ல. நடுவில் இருக்கிற, ஓரளவு தெரிந்தவர்கள்.

அதனால் என் பார்வையில் நாம் செய்யும் பெரிய தவறு, விட்டுப்போன தொடர்பைச் செத்துப்போனதாக எண்ணிக்கொள்வது. "நாலு வருஷமா பேசல, இப்போ எந்த முகத்தோட கேக்கறது?" என்கிற கூச்சம் நம் ஊரில் ரொம்பவே அதிகம். பழைய டீம் லீட், கிளையன்ட் பக்கம் இருந்த டெஸ்டர், பாதியில் வேறு ப்ராஜெக்ட்டுக்குப் போன ஜூனியர் என்று இவர்களெல்லாம் இன்று வேறு வேறு நிறுவனங்களில், நமக்குத் தெரியாத செய்திகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் பேச்சை ஆரம்பிக்கப் பெரிய காரணம் தேவையில்லை. "அன்னைக்கு நீங்க எழுதிக் கொடுத்த டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட்டை இன்னும் ஓட்டறோம்" என்ற ஒரு வரி போதும். முதல் நாளே ரெஸ்யூமேயை நீட்டாமல் இருந்தால் சரி. தினம் காலையில் ரோஜாப்பூ படத்தோடு குட் மார்னிங் அனுப்புவதைத் தொடர்பில் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை எதிராளி என்றோ மியூட்டில் போட்டிருப்பார்.

தொடர்பு அறுந்துபோகிற இடம் ஒன்று உண்டு: வேலையின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு எல்லோருக்கும் ஒரு குட்பை மெயில், கீழே சொந்த மெயில் ஐடி. ஆறு மணிக்கு லேப்டாப்பை ஒப்படைத்ததும் அக்கவுன்ட் மூடப்படும். யார் பதில் போட்டார்கள் என்பதுகூட நமக்குத் தெரியாது. நோட்டீஸ் பீரியடிலேயே, நாம் மதிக்கிற பத்துப் பதினைந்து பேரின் சொந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. லேஆஃப் (ஆட்குறைப்பு) என்றால் அந்த நோட்டீஸ் பீரியடும் இல்லாமல் போகலாம், அதனால் வேலையில் இருக்கும்போதே செய்துவைப்பது இன்னும் நல்லது. கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலை அள்ளிக்கொண்டு போவது வேறு விஷயம். அது ஒப்பந்த மீறல், அதில் கை வைக்காதீர்கள்.

மேலே இருப்பவர்களை மட்டும் பிடித்து வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வைஸ் பிரெசிடென்ட்டுக்கு நம் பெயரே நினைவிருக்காது. நாம் கோட் ரிவ்யூ செய்து கொடுத்த பையனுக்கு நாம் எப்படிப்பட்ட ஆள் என்று நன்றாகவே தெரியும், பத்து வருடத்தில் ஆள் எடுக்கிற இடத்தில் அவனே இருப்பான். சென்னைபை (Chennaipy) என்ற பைத்தான் நிரலாளர் குழு போல மாதாமாதம் கூடுகிற தொழில்நுட்பக் குழுக்களிலும் இதே கதைதான். ஒரு சனிக்கிழமை போய், எல்லோருக்கும் கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டு மறைகிறவரை யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான்கு மாதம் தொடர்ந்து வந்து, பத்து நிமிடம் ஏதாவது பேசிக் காட்டியவரை இருக்கும்.

ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கேட்காமல் கொடுத்துவிடுவது நமக்குச் சாதாரணம். "நான் சொன்னேன்னு சொல்லுங்க, பேசுவார்" என்று அனுப்பிவிடுவோம். மீட்டிங்கில் இருக்கிறவருக்குத் தெரியாத எண்ணிலிருந்து மூன்று மிஸ்டு கால் வந்தால், அவர் எரிச்சல் நம் மேல்தான். "இப்படி ஒருத்தர் பேசணும்கிறார், நம்பர் கொடுக்கலாமா?" என்று முதலில் கேட்க அரை நிமிடம் ஆகும்.

ரெஃபர் செய்தவருக்கு முடிவைச் சொல்லாமல் விடுவது இதைவிட மோசம். இன்டர்வியூ என்ன ஆனது, ஆஃபர் வந்ததா, வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாரா என்று அவர் எச்ஆரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், அடுத்த முறை அவர் கை நீளாது. கிடைக்கவில்லை என்றாலும் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

கேட்டும் பதில் வராமலே போகலாம். "பெரிய ஆளாயிட்டான்" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அங்கே ஆள் எடுப்பதையே நிறுத்தியிருக்கலாம், அவர் தலைக்கு மேலேயே கத்தி தொங்கிக்கொண்டிருக்கலாம், அதை வெளியே சொல்லவும் முடியாது. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் துரத்தாதீர்கள். ஆறு மாதம் கழித்து வேறு ஏதாவது விஷயமாகப் பேசலாம், அப்போது பழைய செய்தியை இழுக்காமல்.