மலிவு விலை மூவண்ண லேசர் தொகுதியை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

லேசர் ஒளிக்காட்சிக் கருவி ஒன்றைச் சொந்தமாகக் கட்ட முனைகிறவர் முதலில் தேடுவது, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று டயோடுகளை ஓர் அலுமினியப் பெட்டிக்குள் அடக்கி, டைக்ரோயிக் கண்ணாடிகளால் (ஒரு நிறத்தைத் திருப்பி, மற்றொன்றை ஊடுருவவிடுபவை) மூன்று கற்றைகளையும் ஒன்றாக்கி வெளிவிடும் தொகுதியைத்தான். இணையக் கடைகளில் இவை ‘500 மில்லிவாட்’, ‘1 வாட்’ என்று மொத்தத் திறனைக் கொட்டை எழுத்தில் போட்டு விற்கப்படுகின்றன. அந்த ஒற்றை எண்ணை நம்பி வாங்குவது, மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் எடையை மட்டும் கேட்டு அரிசி வாங்குவதற்கு ஒப்பானது. தொகுதி கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மூடியின் திருகுகளைத் தொடாமலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன்: கண்

5 மில்லிவாட்டுக்கு மேல் 500 மில்லிவாட் வரை உள்ள லேசர்கள் 3பி வகையையும், அதற்கு மேற்பட்டவை 4ஆம் வகையையும் சேர்ந்தவை. இவற்றின் கற்றை நேராகவோ, பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பியோ விழித்திரையில் விழுந்தால், இமை மூடுவதற்குள் நிரந்தரமான சேதம் ஏற்பட்டுவிடக்கூடும். எனவே மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். கற்றை கண் மட்டத்துக்குக் கீழே செல்லுமாறு மேசையை அமையுங்கள். கற்றையின் முடிவில் ஒரு செங்கல்லை நிறுத்துங்கள். நீல லேசர் செதுக்கு இயந்திரங்களுடன் தரப்படும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி சிவப்பைத் தடுப்பதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரு நிறத்தை மட்டும் எரியவிட்டு, அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடியை அணிவதே சரியான முறை.

முழுத் திறன் தேவைப்படாத சோதனைகளுக்குக் கற்றையைத் தணித்துக்கொள்ள எளிய வழி உண்டு. பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடித் துண்டு ஒன்று, ஏறத்தாழ நேர்குத்தாக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பும். இரண்டு துண்டுகளில் அடுத்தடுத்துப் பட்டுத் திரும்பிய 200 மில்லிவாட் கற்றையில் எஞ்சுவது 1 மில்லிவாட்டுக்குச் சற்றே அதிகம். கண்ணாடிகளை ஊடுருவிச் செல்லும் பெரும்பகுதியை மறவாமல் செங்கல்லால் மறித்துவிடுங்கள்.

படி 1: விவரத்தாளைக் கணக்கிட்டுப் படித்தல்

மனிதக் கண் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் உணர்வதில்லை. 555 நானோமீட்டரில் உள்ள உச்ச உணர்திறனை 1 என்று கொண்டால், 520 நானோமீட்டர் பச்சைக்கு அது சுமார் 0.71, 638 நானோமீட்டர் சிவப்புக்கு 0.19, 650 நானோமீட்டர் சிவப்புக்கு 0.11, 450 நானோமீட்டர் நீலத்துக்கு 0.04 மட்டுமே. சிவப்பின் அலைநீளம் 12 நானோமீட்டர் கூடினாலே அதன் பளிச்சிடல் பாதியளவாகிவிடுவதை இங்கே கவனிக்க வேண்டும்.

நிறக்கலவைக் கணக்கின்படி 638, 520, 450 நானோமீட்டர் ஒளிகளால் பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்மையைப் பெற, ஒவ்வொரு 100 மில்லிவாட் நீலத்துக்கும் ஏறக்குறைய 170 மில்லிவாட் பச்சையும் 250 மில்லிவாட் சிவப்பும் தேவை. சிவப்பு 650 நானோமீட்டராக இருந்தால் அதற்கு மட்டும் 430 மில்லிவாட் வேண்டும். இப்போது 150 சிவப்பு, 100 பச்சை, 250 நீலம் என்று பிரிக்கப்பட்ட ஒரு ‘500 மில்லிவாட்’ தொகுதியை எடுத்துக்கொள்வோம். வெள்ளை வரைவதற்கு அதில் பயன்படுவது சுமார் 300 மில்லிவாட்தான்; சிவப்பு 650ஆக இருந்துவிட்டால் அது 250ஐக்கூடத் தொடாது. மிச்சத்தில் பெரும்பகுதி வெண்மைக்கு உதவாத நீலம். மொத்தத்தைப் பெருக்கிக் காட்ட நீலமே மலிவான வழி என்பதால், நிறவாரியாகத் திறனையும் அலைநீளத்தையும் குறிப்பிடாத விளம்பரத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை.

படி 2: பழைய சிடியைக் கொண்டு அலைநீளத்தை அளத்தல்

விவரத்தாளில் 638 என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே இருப்பது 638 ஆகிவிடாது. நான் முதன்முதலில் வாங்கிய தொகுதியில் 650க்கு நெருக்கமான டயோடுதான் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது வீட்டில் கிடந்த ஒரு பாட்டு சிடி.

சிடியின் அச்சிட்ட பக்கத்தைப் பிளேடால் கீறி, அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால், அலுமினியப் பூச்சு பெயர்ந்து தட்டு கண்ணாடிபோல் தெளிவாகிவிடும். அதில் எஞ்சியிருக்கும் தடங்கள் சுமார் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி கொண்ட கீற்றணியாக, அதாவது ஒளியை அதன் அலைநீளத்துக்கேற்ற கோணத்தில் விலக்கும் நுண்கோடுகளின் வரிசையாக, செயல்படும். தட்டைச் சுவரிலிருந்து 1 மீட்டர் தொலைவில் நிறுத்தி, தணிக்கப்பட்ட கற்றையை அதன் வழியே நேர்குத்தாகச் செலுத்தினால், சுவரில் நடுப்புள்ளியின் இருபுறமும் ஒவ்வொரு புள்ளி தோன்றும். அவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவை அளந்து பாதியாக்குங்கள். 638 நானோமீட்டருக்கு அது 43.5 சென்டிமீட்டராகவும் 650க்கு 44.5 சென்டிமீட்டராகவும் வர வேண்டும்.

வேறுபாடு 1 சென்டிமீட்டர்தான்; சிடிக்குச் சிடி தட இடைவெளி மாறுவதால் ஏற்படும் பிழை இதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆகவே முதலில் அளவுகோலைத் திருத்திக்கொள்ள வேண்டும். டயோடு நேரடியாக ஒளிராமல் படிகங்களின் துணையால் ஒளிரும் பழைய வகைப் பச்சை லேசர் சுட்டியின் அலைநீளம் 532 நானோமீட்டர். படிகத்தின் இயல்பே அதை நிர்ணயிப்பதால் டயோடுகளைப்போல அது ஆளுக்கொன்றாக மாறாது. தட்டையும் சுவரையும் நகர்த்தாமல், முதலில் அந்தச் சுட்டியாலும் பிறகு உங்கள் தொகுதியாலும் அளந்து, கற்றை விலகிய கோணங்களைக் கண்டுபிடியுங்கள் (பாதியாக்கிய தொலைவைச் சுவரின் தொலைவால் வகுத்தால் வருவது கோணத்தின் டேன் மதிப்பு); தொகுதியின் கோணத்தின் சைனைச் சுட்டியின் கோணத்தின் சைனால் வகுத்து 532ஆல் பெருக்கினால் விடை கிடைக்கும்.

உங்கள் தொகுதியின் பச்சையே 532 என்று வந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அத்தகைய லேசரில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தை ஊக்குவிக்க, அதிலிருந்து எழும் 1064 நானோமீட்டர் ஒளியை மற்றொரு படிகம் 532 ஆக மாற்றுகிறது. வடிகட்டி இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியேறும். 2010இல் அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு மலிவான பச்சைச் சுட்டியைச் சோதித்தபோது, பச்சை ஒளியைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான அகச்சிவப்பு அதிலிருந்து வெளிவந்ததைப் பதிவு செய்தது. அகச்சிவப்பு வடிகட்டி நீக்கப்பட்ட பழைய வெப்கேமராவால் சுவரைப் பார்த்து, நடுப்புள்ளியிலிருந்து 58.5 சென்டிமீட்டரை ஒட்டி ஒரு புள்ளி தெரிகிறதா என்று கவனியுங்கள்.

படி 3: திறனை அளத்தல்

முறையான லேசர் திறன்மானி, மலிவான தொகுதியைவிட விலை அதிகம். அதற்கு மாற்றாக, நாணய அளவு அலுமினியத் தகட்டின் முன்புறத்தில் பளபளப்பற்ற கறுப்பு வண்ணம் பூசி, பின்புறத்தில் 100 ஓம் மின்தடையையும் வெப்ப உணரியையும் ஒட்டுங்கள். கற்றையைத் தணிக்காமல் தகட்டின் மீது செலுத்தி, வெப்பநிலை ஏறி நிலைத்ததும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லேசரை அணைத்து, மின்தடைக்கு மின்னழுத்தம் கொடுத்து, அதே வெப்பநிலையை எட்டச் செய்யுங்கள். மின்னழுத்தத்தின் இருமடியை 100ஆல் வகுத்தால் லேசரின் திறன் கிடைக்கும். 5 வோல்ட் தேவைப்பட்டால் அது 250 மில்லிவாட். கறுப்பு வண்ணம் சிறிதளவு ஒளியைத் திருப்பிவிடும் என்பதால் உண்மை மதிப்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மின்விசிறியை அணைத்துவிட்டு அளக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 4: கட்டுப்பாட்டு மின்சுற்று

டி.டி.எல். முறையில் ஒவ்வொரு நிறமும் முழுதாக எரியும் அல்லது அணைந்திருக்கும். ஆகவே மொத்தமே ஏழு நிறங்கள்தான். அனலாக் முறையில் 0 முதல் 5 வோல்ட் வரை படிப்படியாக ஏற்றலாம். விற்பவர் அனலாக் என்று சொன்னாலும், ஒரு மாறுமின்தடையால் மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தி, எந்த வோல்ட்டில் ஒளி தொடங்குகிறது, அதன்பின் சீராக ஏறுகிறதா, திடீரெனத் தாவுகிறதா என்று பார்த்துவிடுங்கள். 2 வோல்ட் வரை இருண்டிருந்துவிட்டு 3 வோல்ட்டில் உச்சத்தைத் தொடும் சுற்றால் மங்கலான நிறங்களைக் காட்டவே முடியாது.

வேகமும் முக்கியம். வினாடிக்கு 30,000 புள்ளிகள் வரையும் கால்வோவில் (கற்றையைத் திசைதிருப்பிப் படம் வரையும் அசையும் கண்ணாடிகள்) ஒரு புள்ளிக்குக் கிடைப்பது சுமார் 33 மைக்ரோவினாடிதான். அர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையால் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்து, தணிக்கப்பட்ட கற்றையை ஒளியை உணரும் டயோடு (ஃபோட்டோடயோடு) ஒன்றின் மீது விழச்செய்து, அலைநோக்கியில் (ஆஸிலோஸ்கோப்) அலையின் விளிம்புகளைப் பாருங்கள். எழவும் விழவும் சில மைக்ரோவினாடிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டால், எழுத்துகளுக்கு வால் முளைக்கும்.

படி 5: கற்றையும் வெப்பமும்

1 மீட்டரிலும் 10 மீட்டரிலும் புள்ளியின் அகலத்தை அளந்து, வேறுபாட்டை 9ஆல் வகுத்தால் விரிகோணம் மில்லிரேடியனில் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் புள்ளி 16 மில்லிமீட்டராக விரிந்தால் அது 1.4. திறன் மிகுந்த சிவப்பு டயோடுகள் வட்டமாக அல்லாமல் பட்டையாக விரிவது இயல்பு. அந்தப் பட்டை கால்வோவின் கண்ணாடிக்குள் அடங்குகிறதா என்பதே கேள்வி.

10 மீட்டரில் மூன்று நிறப் புள்ளிகளின் இடங்களையும் சுவரில் ஒட்டிய தாளில் பென்சிலால் குறித்துவிட்டு, தொகுதியை அரை மணி நேரம் முழுத் திறனில் ஓடவிட்டு, மீண்டும் குறியுங்கள். புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் உள்ளேயிருக்கும் கண்ணாடிகள் பசையால் மட்டுமே நிற்கின்றன என்று ஊகிக்கலாம். கூடவே படி 3இன் தகட்டால் சிவப்பை மறுபடியும் அளந்துவிடுங்கள். சூடேறும்போது மூன்றில் மிகுதியாகச் சோர்வது சிவப்பு டயோடுதான். மார்கழிக் காலையில் வெள்ளையாக வரைந்த தொகுதி சித்திரை வெயிலில் பச்சை கலந்த நீலத்துக்குச் சாய்வதற்குக் காரணம் இதுவே. சிவப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருந்தால், பெட்டியின் அடியில் வெப்பப் பசை தடவிப் பெரிய அலுமினியப் பாளத்தில் திருகி, மின்விசிறி ஒன்றையும் சேர்த்து மீண்டும் சோதியுங்கள். அப்போதும் தேறாவிட்டால் அளவுகளைப் படத்துடன் இணைத்து, தொகுதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.