வேப்பந்தூளில் இருந்து வெள்ளைக் கூழ்

யாழ்ப்பாணத்து மரக்காலையில் வாங்கிய வேப்பமரத்தூளைக் காஸ்டிக் சோடாவில் அவித்து, மரத்தின் நார்ப்பொருளான செலுலோஸைக் கூழாக எடுத்தேன். வெளுத்த பிறகும் ஆல்ஃபா செலுலோஸ் (கடும் சோடாவிலும் கரையாத தூய செலுலோஸ்) குறைவு. காரணம் சைலன், செலுலோஸோடு மரத்தில் இருக்கும் இன்னொரு சர்க்கரைச் சங்கிலிப் பொருள். வேம்பு போன்ற வன்மரத்தில் அது 15 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். சோடா அவியல் மட்டும் அதை முழுதாக எடுக்காது. ஆகவே மறுமுறை, சோடா அவியலுக்கு முன்பே தூளை நீர்த்த கந்தக அமிலத்தில் அவித்துக் கழுவினேன். கடைசியில், வெளுத்த கூழை 10 சதவீதச் சோடாக் கரைசலில் ஊறவைத்தேன். இதைச் சூடாக்கவே கூடாது. குளிர்ந்த சோடாவில்தான் நார் நன்றாக உப்பிச் சைலனை விடும்.

சரி, கூழை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு மட்டும் இறங்கவில்லை. அது எங்கள் கிணற்றுத் தண்ணீரின் வேலை. சுண்ணாம்புக்கல் நிலம், கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். மெல்லிய அமிலத்தில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் கழுவியதும் சாம்பலும் இறங்கியது.