இதயத்தைக் காக்கப் போய் விடும் பிழைகள்

எண்ணெய் கூடாது, கொழுப்பு கூடாது என்பது திருகோணமலையில் எல்லோருக்கும் பாடம். புதிதாகப் பிரஷர் பிடிபட்டவர்கள் அதற்கப்பால்தான் வரிசையாக ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள்.

"நோர்மல்தானே, இனிக் குளிசை எதுக்கு?"

பொறுமையைச் சோதிப்பது இதுதான். 120/80 வந்ததே குளிசையால். அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசை உடம்பைவிட்டு மெல்லத்தான் போகும். ஆகவே நிறுத்திய மறுநாள் எதுவும் தெரியாது. சில நாளில் பிரஷர் ஏறிவிடும், தலையிடிகூட வராது. "விட்டும் ஒண்டும் செய்யேல்லையே" என்ற துணிச்சல் இப்படித்தான் வருகிறது. அட்டெனோலோல் என்ற இன்னொரு பிரஷர் குளிசையைத் திடீரென நிறுத்தினால், இதயநோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே கிளம்பலாம்.

இதே பிழைக்குக் கிளினிக் நாளில் இன்னொரு முகம். சாப்பிடாமல் இரத்தம் கொடுக்கச் சொன்னார்கள் என்று பிரஷர் குளிசையையும் விட்டுவிட்டு வருவார்கள். அளந்தால் மேல் அளவு 170. போடாத சங்கதியைச் சொல்லவும் மாட்டார்கள்; வைத்தியர் அளவைக் கூட்டிவிடுவார். கூட்டியதை வீட்டில் ஒழுங்காகப் போட்டதும் பிரஷர் சரிந்து, இரவில் எழும்பும்போது தலைசுற்றி விழுவார்கள். "இந்தக் குளிசை எனக்கு ஒத்துவரேல்லை" என்று அத்தோடு எல்லாம் நிறுத்தம்!

வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், அன்றும் பிரஷர் குளிசையை வழமையான நேரத்தில் வெறும் தண்ணீருடன் போடுங்கள். சீனிக் குளிசையை மட்டும் இரத்தம் கொடுத்துச் சாப்பிடும்வரை தள்ளிவையுங்கள். தவறவிட்டிருந்தால் மறைக்காதீர்கள். நடையாலும் உப்பைக் குறைத்ததாலும் பிரஷர் இறங்கியிருந்தால், வைத்தியரே அளவைக் குறைப்பார்.

வீட்டு மெஷினை நம்பி ஏமாறுவது

தேத்தண்ணி குடித்து அரை மணி கழியட்டும். சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பட்டியைச் சட்டைக்கை மேல் சுற்றக்கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் அளந்து இரண்டையும் எழுதிவையுங்கள்.

உப்பு

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கறிக்குப் போடுவது மட்டும் கணக்கில்லை. கருவாடு, ஊறுகாய், பாண், சோயா சோஸ் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். கருவாட்டைத் தண்ணீர் மாற்றி ஊறவைத்தால் உப்புக் குறையும், போகாது. நிலாவெளி உப்பளத்து உப்பானாலும் விலைகூடிய இந்துப்பானாலும் பிரஷரை ஏற்றுவது சோடியம்தான்.

நடை

டச்சு பே கரையில் கதைத்தபடி உலாத்துவது நடைப்பயிற்சி ஆகாது. கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது; அந்த வேகத்தில் கிழமைக்கு 150 நிமிடம். முடிவில் இறால் வடை வேண்டாம்.

"ஒண்டுதான் பிடிக்கிறன்"

நாளுக்கு ஒரு சிகரெட்டே, இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டுவந்துவிடும். முழுதாக விடுங்கள்.

"காஸ்தான்"

நெஞ்சு இறுக்கம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ ஓடும் நோ என்றால் சோடா உடைக்காதீர்கள், மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். அம்புலன்சுக்கு 1990 அழையுங்கள்.