வீட்டுல இருந்தே தொழில் பண்றீங்களா? நம்பர், கணக்கு, அட்ரஸ் மூணையும் தனியா பிரிக்கறது இப்படித்தாங்க

ஈரோட்டுல வீட்டு மாடியில ஆரி ஒர்க் பிளவுஸ் போட்டுத் தர்றேன், ஆறு வருஷமாச்சு. ஆரம்பிச்சப்ப எங்கிட்ட இருந்தது ஒரே நம்பர், அதையே எல்லாருக்கும் கொடுத்துட்டேன். பாப்பாவோட ஸ்கூல் குரூப்பும் அதுலதான், கஸ்டமர் அனுப்பற டிசைன் போட்டோவும் அதுலதான். ஒருநாள் நேர்ல பார்த்தே இராத ஒரு கஸ்டமர் "அக்கா, உங்க பாப்பா அந்த ஸ்கூலா? டிபில யூனிபார்ம் பார்த்தேன்"னு மெசேஜ் போட்டாங்க. நல்ல மனசோடதான் கேட்டிருப்பாங்க, ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. மறுநாள்ல இருந்து ஒவ்வொண்ணா பிரிக்க ஆரம்பிச்சேன், அதே வரிசையில சொல்றேன்.

ஸ்டெப் 1: நம்பர்

புது சிம் ஒண்ணு வாங்கி அதுல வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கோங்க. பழைய நம்பரைத் தொழிலுக்கு விட்டுட்டு புது நம்பரை வீட்டுக்கு வச்சுக்கலாமேன்னு தோணும், தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ஆதார், பேங்க் ஓடிபி எல்லாம் பழைய நம்பர்லதான் இருக்கும், அது வீட்டோடயே இருக்கட்டும். இன்னொண்ணு, ஒரே நம்பரை சாதா வாட்ஸ்அப்லயும் பிசினஸ்லயும் ஒரே சமயத்துல வைக்க முடியாது. பழைய நம்பரை பிசினஸ்ல போட்டீங்கன்னா குடும்ப குரூப் எல்லாம் அங்க போயிடும்.

நான் மாட்டினது இதுக்கு அடுத்த இடத்துல. புது நம்பர்ல இருந்து 200 கஸ்டமருக்கு பிராட்காஸ்ட் போட்டு "இனி இந்த நம்பர்தாங்க"ன்னு சொல்லிட்டேன், ஒருத்தர்கிட்ட இருந்தும் பதில் இல்ல. தை முகூர்த்தம் நெருங்குது, ஆர்டர் வரவேண்டிய நேரம், எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, நம்ம நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும், புது நம்பரை யாரு சேவ் பண்ணி வச்சிருப்பாங்க? அதனால அறிவிப்பைப் பழைய நம்பர்ல இருந்தே அனுப்புங்க, புது நம்பரை காண்டாக்ட்டாவே சேர்த்து அனுப்புங்க, அவங்க அப்படியே சேவ் பண்ணிக்குவாங்க. ரெண்டு மாசம் பழைய நம்பர்ல யார் ஆர்டர் கேட்டாலும் பொறுமையா புது நம்பருக்குத் திருப்பி விடுங்க. பழைய நம்பர்ல டிபி, ஸ்டேட்டஸ் ரெண்டையும் காண்டாக்ட்ல இருக்கவங்க மட்டும் பாக்கற மாதிரி மாத்திட்டு, கஸ்டமர் நம்பரை எல்லாம் அதுல இருந்து எடுத்துடுங்க.

ஸ்டெப் 2: உத்யம்

கடை பேருல பேங்க் கணக்கு வேணும்னா அந்தப் பேருக்கு ஒரு சான்று வேணும், சுலபமானது உத்யம் பதிவு, அதாவது சின்னத் தொழில் பண்றவங்களுக்கு மத்திய அரசு தர்ற பதிவு. ஆதாரும் பானும் இருந்தா போதும், ஒரு பைசா கட்ட வேண்டாம். பணம் கேட்டாலே அது அரசாங்க சைட் இல்லன்னு புரிஞ்சுக்கோங்க, முகவரி ஜிஓவி டாட் இன்ல முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க.

ஸ்டெப் 3: கரண்ட் அக்கவுண்ட்

இங்கதான் நான் மூணு தடவை அலைஞ்சேன், அதனால நிதானமா படிங்க. தனி ஆள் நடத்துற கடைக்குக் கணக்கு தொடங்க, கடை பேருல ரெண்டு சான்றை பேங்க் கேட்டு வாங்கணும்கறது ரிசர்வ் பேங்க்கோட கேஒய்சி விதி. நான் உத்யம் ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போனேன், திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை வருமான வரி (ஐடி) ரிட்டர்னோட அக்னாலெட்ஜ்மெண்ட் பக்கத்தைக் கொண்டு போனேன், அதுவும் ஆகலன்னுட்டாங்க. விதியில முழு ரிட்டர்ன்னு இருக்கு, கடை வருமானம் அதுல தெரியணும், ஒத்தப் பக்கம் செல்லாது. முழுசா பிரிண்ட் எடுத்துட்டுப் போன அன்னிக்குதான் வேலை முடிஞ்சுது. ரிட்டர்ன் இதுவரைக்கும் போட்டதே இல்லன்னாலும் வழி இருக்கு. ரெண்டு சான்று கொடுக்க முடியலன்னு பேங்க்குக்குத் தெரிஞ்சா, நேர்ல வந்து பாத்துட்டு ஒண்ணை வச்சே தொடங்கலாம்னு அதே விதியில இருக்கு, ஆனா அது அவங்க விருப்பம். அதனால மேனேஜரைப் பாத்துப் பேசுங்க, கவுண்டர்லயே திரும்பிடாதீங்க.

இவ்ளோ கஷ்டப்படணுமா, ஜிபேல பேரை மட்டும் மாத்திக்கக் கூடாதான்னு கேப்பீங்க. முடியாதுங்க. பணம் அனுப்பறவங்களுக்கு பேங்க்ல இருக்கற பேரைத்தான் காட்டணும்னு 2025 ஜூன் 30க்குள்ள எல்லா யூபிஐ ஆப்பும் மாத்தியாகணும்னு யூபிஐயை நடத்தற என்பிசிஐ சொல்லிடுச்சு. கடை பேரு தெரியணும்னா கணக்கே கடை பேருல இருக்கணும். யூபிஐ ஐடியிலயும் போன் நம்பர் வராத மாதிரி வேற ஒண்ணு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: அட்ரஸ்

கூகுள் மேப்ல கடையைச் சேர்த்தா வீட்டு அட்ரஸை மறைச்சுட்டு, எந்த ஏரியாவுக்கு வேலை செய்றீங்கன்னு மட்டும் காட்டலாம், அதையே வைங்க. வாட்ஸ்அப் பிசினஸ்ல அட்ரஸ் கேக்கற இடத்தைக் காலியா விடுங்க. இன்ஸ்டாவுக்கு போன்ல இருக்கற காண்டாக்ட்டைக் கொடுக்காதீங்க, கொடுத்தா சொந்தக்காரங்களுக்குக் கடையும், கஸ்டமருக்கு உங்க சொந்த அக்கவுண்டும் காட்டிக்கிட்டே இருக்கும்.

ஜிஎஸ்டி எடுக்கறவங்க ஒண்ணு யோசிச்சுக்கோங்க, உங்க ஜிஎஸ்டி நம்பரைப் போட்டா நீங்க கொடுத்த தொழில் அட்ரஸை ஜிஎஸ்டி போர்ட்டல்ல யார் வேணா பாக்கலாம். முடிஞ்சா வீட்டைக் கொடுக்காம வேற இடம் பாருங்க.

பிறகு சேர்த்தது

இதைப் படிச்சவங்க நிறைய பேர் ரெண்டு கேள்வி கேட்டாங்க. கணக்கு வேறயாச்சே, கடை நஷ்டமானா வீட்டுப் பணம் தப்பிக்குமா? தப்பிக்காதுங்க. தனி ஆள் கடைன்னா பான் ஒண்ணுதான், சட்டத்துல நீங்களும் கடையும் ஒரே ஆள், கடனும் உங்க தலையிலதான். வீட்டுப் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு வேணும்னா ஓபிசியோ (ஒரே ஆள் கம்பெனி) எல்எல்பியோ (கடன் பொறுப்புக்கு வரம்பு இருக்கற கூட்டு நிறுவனம்) பதியணும், எல்எல்பிக்குக் குறைஞ்சது ரெண்டு பேர் வேணும், ஆடிட்டர் செலவும் வரும். என்னை மாதிரி சின்ன அளவுல பண்றவங்க கடன் வாங்காம ஓட்டற வரைக்கும் அவசரப்பட வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

ரெண்டாவது, பார்சல்ல ஃப்ரம் அட்ரஸ் எழுதணுமே? நானும் இதை விட்டுட்டேன். தெருமுனை ஃபேன்சி ஸ்டோர் அக்காகிட்ட கேட்டு, அவங்க சரின்னு சொன்னப்புறம் அந்த அட்ரஸைப் போடறேன். திரும்பி வர்ற பார்சலும் அளவு பிளவுஸும் அங்கயே வந்துடும், பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு வரும்போது வாங்கிட்டு வந்துடுவேன்.