பழைய வீட்டு ஹோட்டலில் சின்னக் கல்யாணம்

மண்டபம் வேண்டாம், 60 பேர் போதும் என்று முடிவாகிவிட்டால் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துப் பழைய வீட்டு ஹோட்டல்கள் நல்ல இடம். முதலில் முற்றத்தைப் பாருங்கள். திறந்த முற்றம் என்றால் ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழை மணவறைக்கே வந்துவிடும். எங்கள் மகளுக்குத் தை மாதம்தான் வைத்தோம்.

காலை 6 மணிக்கு முகூர்த்தம், ஹோட்டலில் செக்-இன் பகல் 12 மணிக்கு. அதனால் முந்தின நாளே எல்லா அறைகளையும் எடுத்துவிடுங்கள். தவில் முழங்கும்போது மாடியில் வேறு யாரோ தூங்கப் பார்ப்பது யாருக்கும் நல்லதில்லை.

ஹோமத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் மர உத்தரம், புகை அலாரம் என்று மேனேஜர் கடைசி நேரத்தில் கையைப் பிசைவார். நாங்கள் செங்கல் பரப்பி, மேலே மணலைத் தாராளமாகக் கொட்டினோம். தெறித்த நெய்யெல்லாம் மணலோடு போயிற்று, பழைய தரையில் ஒரு கறை இல்லை.

வெளிச் சமையல்காரரை உள்ளே விடமாட்டோம் என்று ஹோட்டல்காரர்கள் சொன்னால், முன்னதாக ஒருநாள் இலை போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். ரசமும் வத்தக்குழம்பும் தேறினால் சரி. பஃபேக்கு இழுப்பார்கள், மசியாதீர்கள். 60 பேருக்கு ஒரே பந்திதானே!

அப்புறம், 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தேதி, இடம் போட்டு ஹோட்டலிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள்.