செக்கிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி: சொல்லிக் கொடுத்தது மனதில் நிற்க ஒரு செய்முறை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங்குக்கு, அதாவது தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு, புது ஆள் வந்தால் வழக்கமாக என்ன செய்கிறோம்? குறைகளின் மாதிரிகளை ஒட்டிய டிஃபெக்ட் போர்டு முன்னால் நிற்க வைத்து இரண்டு மணி நேரம் பேசுகிறோம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை, பயிற்சி முடிந்த நாலாம் நாள், புதிதாக வந்த ஒரு அக்காவிடம் ஸ்கிப் ஸ்டிச் (இடையில் விட்டுப்போன தையல்) விழுந்த பீஸ் ஒன்றைக் கொடுத்தேன். கழுத்துப் பட்டியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குங்க" என்று மடித்து வைத்தார். அவர் மேல் தப்பில்லை, நான் சொல்லிக் கொடுத்த விதத்தில்தான் தப்பு.

மனித மறதி இப்படித்தான் வேலை செய்கிறது. ஜெர்மனியின் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்று 1885-இல் எழுதினார். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் நடத்திய சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். போர்டு முன்னால் தலையாட்டுவது அந்த 5 நிமிட ஞாபகம்தான். ஆகவே திரும்பச் சொல்வதைக் குறைத்து, இடைவெளி விட்டுக் கேட்பதைக் கூட்டுவோம்.

1. எது மனதில் இருக்க வேண்டும் என்று பிரியுங்கள்

எல்லாம் மனப்பாடமாக வேண்டியதில்லை. 1,500 பீஸ் லாட்டுக்கு, ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5, சோதனையின் பொது நிலை இரண்டு என்றால் 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். குறையுள்ள பீஸ் 7 வரை ஏற்கலாம், 8 ஆனால் லாட் ரிஜெக்ட். இது சுவரில் ஒட்ட வேண்டிய அட்டவணை. ஆனால் ஸ்கிப் ஸ்டிச், நீடில் லைன் (துணியில் நீளவாக்கில் விழும் கோடு), ஓட்டை, ஆயில் கறை, ஷேட் (நிற) வித்தியாசம் இவையெல்லாம் பீஸைப் பார்த்த நொடியில் கண்ணுக்குத் தட்டுப்பட வேண்டும். முதலில் இப்படிப் பத்து மட்டும் எடுங்கள்.

2. உங்கள் டேபிளிலேயே படம் எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் படம் வேண்டாம். உங்கள் துணி, உங்கள் டியூப்லைட் வெளிச்சம், உங்கள் மொபைல். ஒவ்வொரு டிஃபெக்டுக்கும் மூன்று நான்கு படம் எடுங்கள். கருப்புத் துணியில் ஒன்று கட்டாயம் வேண்டும், கண் அதிகம் ஏமாறுவது அங்கேதான். குறையே இல்லாத பீஸ்களையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் படத்திலும் ஏதோ தப்பு இருக்கிறது என்று பழகிவிடுவார்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களுக்கும் படம் பேசும். கேள்வியை மட்டும் இந்தியிலும் போட்டுவிடுங்கள்.

3. கூகுள் ஃபார்ம்ஸில் ஐந்து கேள்வி

புது ஃபார்ம் திறந்து, செட்டிங்ஸில் அதை க்விஸ் ஆக மாற்றுங்கள். மதிப்பெண் உடனே தெரியும்படி வையுங்கள். ஜிமெயில் கேட்க வேண்டாம், பெயர் போதும். படத்தைப் போட்டு, "இது என்ன? ஆல்டர் ஆகுமா, ஆகாதா?" என்று கேளுங்கள். ஆல்டர் என்றால் சரிசெய்வது. இரண்டாவது கேள்விதான் யோசிக்க வைக்கும். ஸ்கிப் ஸ்டிச் என்றால் பிரித்துத் தைக்கலாம். நீடில் லைன் நிட்டிங்கிலேயே விழுந்தது, டெய்லரிடம் திருப்பிக் கொடுத்துப் பயனில்லை. இந்தக் காரணத்தை ஆன்சர் கீ பகுதியில் பின்னூட்டமாக எழுதிவையுங்கள். தப்பாகத் தொட்டவர் அங்கேயே படித்துத் தெரிந்துகொள்வார்.

4. நாள் குறியுங்கள்

பயிற்சி முடிந்த மறுநாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள். ஃபார்ம் தானாகப் போகாது. உங்கள் மொபைலில் அலாரம் வைத்து, டீ டைமுக்கு முன்னால் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் படங்களை மாற்றிக் கலந்து போடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு அதே படங்களை அட்டையில் ஒட்டிக் கையில் கொடுங்கள், பலன் ஒன்றுதான்.

5. மார்க்கைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்

இதை மன்றாடிக் கேட்கிறேன். மார்க்கைச் சூப்பர்வைசர் சத்தமாக வாசித்த அன்றே பக்கத்து ஆளின் மொபைலைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். நினைவிலிருந்து எடுக்கும் முயற்சிதான் இங்கே பாடம். தப்பு விட்டாலும் அந்த முயற்சி நடந்திருக்கிறது, பின்னாலேயே திருத்தமும் கிடைத்துவிடுகிறது.

6. டேபிளில் சரிபாருங்கள்

21-ஆம் நாளுக்குப் பிறகு, குறை தெரிந்த ஐந்து பீஸைக் குறித்துவைத்துக்கொண்டு இருபது நல்ல பீஸோடு கலந்து கொடுங்கள். எது தவறியதோ, அந்த டிஃபெக்டுக்கு மட்டும் புதிதாக இரண்டு படம் எடுத்து அடுத்த வார ஃபார்மில் சேர்த்துவிடுங்கள்.