வீட்டுச் சட்டியிலேயே உப்பைக் குறைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகக் கிளினிக்கில் சொல்லி அனுப்பியதும், அவருக்கு மட்டும் உப்பில்லாத குழம்பைத் தனியாக வைக்கத் தொடங்கும் வீடுகள் பல உண்டு. அந்த ஏற்பாடு பெரும்பாலும் நீடிப்பதில்லை. சமைப்பவருக்கு இரட்டை வேலையாகவும் உண்பவருக்குத் தண்டனையாகவும் இருப்பதால், சில நாள்களிலேயே ஊறுகாய்ச் சாடி அவர் கைக்குப் போய்விடுகிறது. நோயாளிக்குத் தனிச் சட்டி வைக்காமல், வீட்டார் அனைவரும் உண்ணும் சட்டியிலேயே சிறிது சிறிதாகக் குறைப்பதுதான் நிலைக்கும் வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது பிள்ளைகளுக்கும் நல்லது.

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு, உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மலேசியாவில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் சிறுநீரைச் சேகரித்து நடத்தப்பட்ட ஆய்வில், பெரியவர்களின் சராசரி அளவு 7.9 கிராம் என்று தெரிய வந்தது. அப்படியானால், நாம் உண்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில், அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 20 கிராம்தான் மொத்த வரம்பு என்பதால், 500 கிராம் பொட்டலம் 25 நாள்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டால், கருவாட்டையும் கிச்சாப்பையும் (சோயா சாஸ்) கணக்கில் சேர்க்காமலேயே நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். அடுத்து, கையால் அள்ளிப் போடுவதை நிறுத்திவிட்டு, உப்பு டப்பாவுக்குள் ஒரு தேக்கரண்டியை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். குழம்புக்கு இரண்டு கரண்டி போடும் வழக்கம் இருந்தால், இரண்டு வாரம் ஒன்றே முக்கால் கரண்டி போடுங்கள்; அதன் பிறகு ஒன்றரைக்கு இறங்குங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் நாக்கு எதிர்க்கும். படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் அது பழகிவிடும், பழைய சுவையே பிறகு கரிக்கத் தொடங்கும். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை முதல் நாளே விட்டுவிடலாம்.

நம் பகுதிச் சமையலில் உப்பு டப்பாவைவிட அதிகம் கவனிக்க வேண்டியவை, உப்போடு வந்து சேரும் பொருள்கள். நெத்திலி, கருவாடு, பெலாச்சான் (இறால் விழுது), உப்புக் கிச்சாப்பு, அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய், உடனடி மீ (நூடுல்ஸ்) ஆகிய எல்லாமே அந்த வகையில் அடங்கும். உப்புக் கிச்சாப்பு ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கிறது. அப்பளத்தில் சேர்க்கும் அப்பளக்காரத்திலும் சோடியம் உண்டு. உடனடி மீ வகைகள் பலவற்றில், ஒரு பொட்டலமே ஒரு நாள் அளவில் பாதியைத் தின்றுவிடுகிறது. அதில் வரும் தூளில் பாதியை மட்டும் போட்டு, கீரையும் முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொட்டலங்களில் சோடியம் மில்லிகிராமில் குறிக்கப்பட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்பது 1 கிராம் உப்பு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும், ஆனால் அந்த எண் 100 கிராமுக்கு உரியதா, ஒரு முறை உண்ணும் அளவுக்கு உரியதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவாட்டைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் அலசினால், உப்பு முழுவதும் போகாவிட்டாலும் கணிசமாகக் குறையும். நெத்திலியையும் அலசிப் பிழிந்து வறுத்து, மிளகாய்த் தொக்கான சம்பாலில் போடுங்கள். அந்தச் சம்பாலுக்குத் தனியாக உப்பு வேண்டாம். ஒரு வேளைக்கு உப்புப் பண்டம் ஒன்றுதான் என்று வீட்டில் வழக்கப்படுத்தினால், கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் அப்பளமும் ஊறுகாயும் தாமாகவே விலகிவிடும்.

குறைந்த உப்பைச் சப்பென்று தெரியாமல் காப்பது புளிப்பும் வாசனையும்தான். இறக்கும்போது பிழியும் எலுமிச்சை, அசாம் கெப்பிங் எனும் உலர்ந்த புளிப்புத் துண்டு, வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும், இடித்த பூண்டு, கைநிறையக் கறிவேப்பிலை ஆகியவை அந்த வேலையைச் செய்யும். குழம்பு கொதித்துச் சுண்டும்போது உப்புச் சுவை ஏறுவதால், கடைசியில்தான் உப்பைப் போட வேண்டும். கடையில் வாங்கும் மசாலைத் தூளில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளியே சாப்பிடும்போது, சோறு மிதக்கக் கறியை ஊற்றச் சொல்லாமல் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள்; சூப் மீயின் சாற்றை மிச்சம் வையுங்கள்.

ரப்பர் பால் வெட்டுக்கும் செம்பனைக் குலை அறுக்கவும் போய் வேர்வை சிந்தியவர்களின் சாப்பாட்டில் உப்புத் தூக்கலாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (நகர்ப்புறக் குடியிருப்பு) வந்து, உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களின் வீட்டிலும் அதே அளவு தொடர்வதற்குக் காரணமில்லை. இன்றும் வெயிலில் கடுமையாக உழைப்பவர் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்க வேண்டும். தமக்குரிய உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

இந்துப்பு, கல்லுப்பு என்று மாற்றிக்கொள்வதால் பயன் இல்லை, ஏனெனில் அவையும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்த்த உப்பையே குறைவாகப் பயன்படுத்துவது நல்லது. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. உப்பைக் குறைத்துவிட்டோம் என்று எண்ணி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. அழுத்தம் இறங்கியிருந்தால், மாத்திரையின் அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அடுத்த பரிசோதனையின்போது மருத்துவர் முடிவு செய்வார்.